மகள் பெயரில் எழுதிய கடிதம்

1

நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தலைமை ஆசிரியை போனில் கேட்டபோது நான் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். "பிளஸ் டூ பிள்ளைங்க படிப்பாங்க சார். எந்தப் படிப்பு, எந்தக் காலேஜ்னு முழிச்சிட்டு நிக்கிற வயசு. உங்க பொண்ணு அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்கப் போறாளாமே. ரெண்டு எடத்துல சீட் கெடச்சுதாம், அதுல ஒண்ண எப்படித் தேர்ந்தெடுத்தீங்கன்னு எழுதுங்க" என்றார்கள். என் பெயரில் எழுதச் சொல்லி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உடனே சரி என்று சொல்லிவிட்டேன்.

அப்படிச் சொல்லிப் பத்து நாள் ஆவதற்குள், நான் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பது தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் என் வீட்டில் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள். எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒப்புக்கொண்ட வேலை. பிள்ளைகளே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் உங்கள் பள்ளியில் பிளஸ் டூ வரை படித்தவன், அதற்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் தமிழ் ஐயா திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

துபாயில் கராமா என்ற பகுதியில் குடியிருக்கிறோம். பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால். நான், என் மனைவி உமா, எங்கள் ஒரே மகள் நிவேதா. உமா பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள்.

என் வேலைக்கு இங்கே மந்தூப் என்று பெயர். அரபிச் சொல். ஒரு கட்டடக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு விசா, லேபர் கார்டு, மெடிக்கல் டெஸ்ட், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறவன். காலையில் ஆறரைக்கு ஃபைல் பையோடு கிளம்பினால் முதலில் டைப்பிங் சென்டர். அது விண்ணப்பம் அடித்துக் கொடுக்கும் கடை. அங்கிருந்து கவுன்டர்கள். இப்போது பாதி வேலை போனிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

சைட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் லெட்டர் எழுத வராது. அவர்கள் பெயரில் நான் எழுதுவேன். 'என் தாயார் நோயுற்றிருக்கிறார், எனக்குப் பதினைந்து நாள் விடுப்புத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதும்போது என் தாயாருக்கே உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கும். என் தாயார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது.

இது ஊரில் வந்த பழக்கம். பிளஸ் டூ எழுதிவிட்டுச் சும்மா இருந்த விடுமுறையில், நம் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து மணியார்டர் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன். "நான் நல்லாருக்கேன்னு மட்டும் போடு தம்பி" என்பார்கள். நான் இன்னும் இரண்டு வரி அன்பாகச் சேர்த்துப் போடுவேன். சொல்லாததையும் சேர்த்து எழுதுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இங்கே அனுப்பிய ஏஜென்ட்டும் இரண்டு இடம் சொன்னான். ஒன்று கத்தாரில் ராஸ் லஃபான், ஸ்டோரில் கிளார்க் வேலை. இன்னொன்று துபாய்க்குப் பக்கத்தில் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி, பெட்டி தூக்கும் வேலை. நான் கிளார்க் வேலை என்றேன். சென்னை ஏர்போர்ட்டில் டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோது துபாய் என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு ஊரும் ராஸ்னுதான தம்பி ஆரம்பிக்குது, அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்றான். மூன்று வருடம் டைல்ஸ் பெட்டி தூக்கினேன். அந்த முதுகு வலி இன்னும் இருக்கிறது. அந்த ஏஜென்ட் மேல் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. அவன் யாரோ ஒருவன். அவனிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது. நிவேதாவுக்கு நான் சொல்லிக் கொடுத்த ஒரே பாடமும் அதுதான். கணக்கு, அறிவியல் எல்லாம் எனக்குச் சொல்லித் தர வராது.

3

நிவேதா இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், அங்கே என்னால் பின்னாலேயே போக முடியாது. ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்கா போய் நான்கு வருடம் உயிரியல் படித்தாள். ஒரு வருடம் அங்கேயே ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருந்தாள். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டு, நேர்முகத் தேர்வுகளையும் முடித்துக்கொண்டு, முடிவுக்காகக் காத்திருக்க வீட்டுக்கு வந்தாள். வந்த சில வாரங்களில் இரண்டு கல்லூரிகள் இடம் கொடுத்தன. இரண்டுமே ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகள்.

அது என்ன என்று உங்களுக்கும் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் டாக்டர் பட்டம் இரண்டு வகை. ஒன்று எம்.டி., மற்றது டி.ஓ. இரண்டாவதுதான் ஆஸ்டியோபதி. டி.ஓ. படித்தவரும் மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம், எல்லாம் ஒன்றுதான். அதோடு எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யும் பாடமும் உண்டு.

இதை நான் டைப்பிங் சென்டர் காதர் பாயிடம் விளக்கினேன். ராமநாதபுரத்துக்காரர், இருபது வருடப் பழக்கம்.

"அப்ப நம்ம புத்தூர்க் கட்டா? அதுக்கு எதுக்குண்ணே அமெரிக்கா வரைக்கும்?" என்றார்.

"கட்டு இல்ல பாய். முழு டாக்டர்."

"எதுவா இருந்தாலும் நல்ல படிப்புத்தான். இங்க லேபர் கேம்ப்ல பாதிப் பேருக்கு முதுகு போயிடுச்சு. புள்ளய சீக்கிரம் படிச்சிட்டு வரச் சொல்லுங்க, மொத பேஷன்ட் நீங்க, ரெண்டாவது நான்."

வீட்டில் அந்த இரண்டையும் பழைய காலேஜ், புது காலேஜ் என்று சொல்வோம். பழைய காலேஜுக்குச் சொந்தமாகப் பெரிய ஆஸ்பத்திரி அதே ஊரில் இருக்கிறது. நான்கு வருடமும் ஒரே இடம். புது காலேஜ் ஆரம்பித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. கடைசி இரண்டு வருடம் மாணவர்களைச் சின்னச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ஊர் என்பது அப்போதுதான் தெரியும். எனக்கு அது ஏஜென்ட் சொன்ன மாதிரி இருந்தது.

"உனக்கு எதும்மா புடிச்சிருக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது.

"நீங்க பாருங்கப்பா. பேப்பர்ஸ் எல்லாம் உங்களுக்குத்தான் நல்லாப் புரியும்" என்றாள்.

என்னை நம்பி விட்டுவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4

இரண்டு மாதம் விசாரித்தேன். மந்தூப் வேலையில் கற்ற வித்தை, யாரிடமும் கூச்சமில்லாமல் கேட்பது. ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை, படித்து முடித்த எத்தனை பேருக்கு மேல்பயிற்சி கிடைத்தது, விடுதி எவ்வளவு தூரம், பனிக்காலத்தில் பஸ் ஓடுமா. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பழைய காலேஜுக்கு ஏழு பக்கம் வந்தது. புது காலேஜுக்கு ஒன்றரைப் பக்கம்.

விண்ணப்பத்துக்கு எங்கள் வீட்டு மெயிலைத்தான் கொடுத்திருந்தோம். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நான் தொடங்கிய மெயில், பாஸ்வேர்டு இருவருக்கும் தெரியும். இடம் கொடுத்த பிறகு புது காலேஜிலிருந்து அதில் எதுவும் வருவது நின்றுவிட்டது. "பாரு, சீட்ட குடுத்துட்டு ஒரு மெயில் கூடப் போட மாட்டேங்கிறான். இவன்லாம் நாளைக்குப் புள்ளைங்கள எப்படிப் பாத்துப்பான்?" என்று ஒருநாள் சொன்னேன். நிவேதா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உமா எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

நிறையப் பேரிடம் கேட்டேன், ஆனால் டி.ஓ. படித்த ஒருவரிடமும் கேட்கவில்லையே என்று தோன்றியது. தேடியதில் ஜுமேரா பக்கம் ஒரு கிளினிக்கில் அமெரிக்க டி.ஓ. டாக்டர் அம்மா ஒருவர் இருப்பது தெரிந்தது. விவரம் கேட்க வேண்டும் என்றால் அப்பாயின்ட்மென்ட் தரமாட்டார்கள். எனக்குத்தான் முதுகு வலி இருக்கிறதே. அதைச் சொல்லி வாங்கிக்கொண்டு போனேன். வீட்டில் சொல்லவில்லை.

உள்ளே போனதும் முதுகு வலி, மகள் விஷயமும் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தேன். அது எப்படி விழுந்ததோ, "மகளுக்கும் முதுகு வலியா?" என்று கேட்டார். பிறகு விளக்கினேன். சிரித்தார். குப்புறப் படுக்கச் சொல்லி, டைல்ஸ் பெட்டி தூக்கிய அதே இடத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அழுத்தவில்லை. எதையோ கேட்பது மாதிரி இருந்தார். நான் படுத்தபடியே என் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். இரண்டு கல்லூரியும் நல்லவைதான், இரண்டிலும் படித்தவர்களைத் தெரியும் என்றார். பிறகு கேட்டார்.

"உங்கள் மகளுக்கு எது பிடித்திருக்கிறது?"

"நான் சொல்வதுதான் அவளுக்குப் பிடிக்கும்."

டாக்டர் அம்மா என் இடுப்புப் பக்கம் மெதுவாக அழுத்தினார். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்கு வரும்போது பல வருடத்தில் முதல் தடவையாக மெட்ரோவில் வலி இல்லாமல் நின்றேன். என் பிள்ளையும் இப்படி யாருக்காவது செய்வாள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

5

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மதியம் மூவரும் ஹாலில் உட்கார்ந்தோம். நான் நோட்டைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். முடிவாக, பழைய காலேஜ் என்றேன்.

நிவேதா நோட்டை வாங்கி ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா. தேங்க்ஸ்பா, இவ்வளவு பாத்ததுக்கு" என்றாள்.

"உனக்குத் திருப்திதானம்மா?"

"ம்."

உமா எழுந்து போய்க் கேசரி கிண்டினாள். முந்திரி நிறையப் போட்டிருந்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கே ஊருக்கும் போன் செய்தேன், காதர் பாய்க்கும் சொன்னேன். கீழே மளிகைக் கடை மலையாளிக்குக் கூட அந்தக் காலேஜ் பெயர் தெரியும்.

படிப்புக்கு ஊரில் உள்ள வங்கியில் கடன் கேட்டிருந்தோம். விண்ணப்பம் என் பெயரிலும் அவள் பெயரிலும். பழைய காலேஜ் பெயர் போட்டுத் தாள்களைத் தயார் செய்து அவள் முன்னால் வைத்தேன். வழக்கம்போல், "படிச்சுட்டுப் போடு" என்றேன். படித்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி முழுக்கப் படித்தாள். காலேஜ் பெயருக்கு நேர்க் கீழே கையெழுத்துப் போட்டாள்.

6

கடன் ஒப்புதல் கடிதத்தை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் காலேஜுக்கு அனுப்ப வேண்டும். வங்கியில் மேனேஜர் மாறிவிட்டார், புதியவர் பொறுப்பேற்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எனக்குப் பெரிய பயம் இல்லை. இந்த நாட்டில் எதற்கும் கடைசித் தேதிக்குப் பிறகு கிரேஸ் பீரியட் என்று கொஞ்ச நாள் உண்டு. விசா முடிந்தாலும் உடனே தூக்கி வெளியே போடமாட்டார்கள். கிரேஸ் முடிந்தால் நாளுக்கு இவ்வளவு என்று ஃபைன், கட்டினால் கலாஸ், முடிந்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எத்தனை நாள் என்று மட்டும் தெரிய வேண்டும்.

நிவேதாவை எழுதச் சொல்லியிருக்கலாம். புள்ளைக்கு எதற்குத் தொந்தரவு, இது என் வேலை என்று காதர் பாய் கடையில் உட்கார்ந்து வீட்டு மெயிலிலிருந்து நானே எழுதினேன். அவள் பெயரில்தான். 'மதிப்பிற்குரிய ஐயா, நான் நிவேதா. என் தந்தை எனக்காக மிகவும் பாடுபட்டு வருகிறார். வங்கிக் கடிதம் சில நாள் தாமதமாகும். தங்கள் கல்லூரியில் எத்தனை நாள் கிரேஸ் பீரியட், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு எவ்வளவு ஃபைன் என்று தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.'

காதர் பாய் எட்டிப் பார்த்து, "தந்தை பாடுபட்டாருன்னு நீங்களே போட்டுக்கிறீங்களாண்ணே?" என்றார்.

"எல்லாருக்கும் போடறதுதான பாய்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து மெட்ரோவில் வரும்போது பதில் வந்தது. அவர்களுக்கு அது காலை நேரம். அன்புள்ள நிவேதா என்று ஆரம்பித்திருந்தது. உங்கள் கடிதம் எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. இந்த இடம் வேண்டாம் என்று நீங்களே விலகிக்கொண்டீர்கள், அதை உறுதிசெய்து உங்களுக்கு அன்றே மெயில் அனுப்பியிருந்தோம். உங்கள் இடம் இன்னொருவருக்கு வழங்கப்பட்டுவிட்டது. நீங்கள் தேர்ந்தெடுத்த கல்லூரியில் நன்றாகப் படிக்க வாழ்த்துகள்.

விலகிய தேதி போட்டிருந்தது. நான் முதுகைக் காட்டப் போன நாளுக்கு நான்கு நாள் முந்தைய தேதி.

முதலில் ஏதோ தவறு, வேறு நிவேதா என்றுதான் நினைத்தேன். கவுன்டர்களில் அப்படி நடக்கும், ஒருவர் பெயருக்கு இன்னொருவர் ஃபைல் வந்துவிடும். வீட்டு மெயிலில் அந்தத் தேதியில் தேடிப் பார்த்தேன். அந்த உறுதி மெயில் இல்லை. அழித்த மெயில்கள் இருக்கும் இடத்தில் பார்த்தேன். அங்கே இருந்தது, புது காலேஜ் அனுப்பிய மெயில்களோடு சேர்ந்து. அதைத் திறக்காமல் அப்படியே வைத்திருந்தேன். நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. அடுத்ததில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, பிறகுதான் திறந்து படித்தேன்.

7

வீட்டுக்குப் போனபோது நிவேதா டீ போட்டுக்கொண்டிருந்தாள். உமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை நிவேதாவிடம் கொடுத்தேன். படித்தாள்.

"இதுக்கு முன்னாடி... அவங்களுக்கு யாருப்பா மெயில் போட்டது?"

"நான்தான்."

"என் பேர்லயா? நான் நிவேதான்னு, நீங்க?"

"உன் பேர்லதான். எல்.கே.ஜி. அட்மிஷன்லேர்ந்து உன் பேர்ல நான்தான் எழுதறேன்."

"அப்பா, எனக்கு இருபத்திமூணு வயசு."

"தெரியும். தேதி போட்டிருக்கே, அதப் பாரு. நான் உன்னை உட்கார வெச்சு நோட்டப் படிச்சுக் காட்டுன அன்னிக்கு, அந்தக் காலேஜே உனக்கு இல்ல. அது தெரிஞ்சுதான் தேங்க்ஸ்னு சொன்ன."

அவள் அடுப்பை அணைத்தாள். உமாதான் பேசினாள்.

"நான்தாங்க சொல்ல வேணாம்னு சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

"அப்ப அந்தக் கேசரி எதுக்கு?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

"எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

உமா மடித்த துணியை மறுபடி மடித்தாள். "விசா இன்டர்வியூ கிட்ட வரும்போது. அப்பன்னா வேற வழி இருக்காதுல்ல, நீங்களும் ஒத்துக்குவீங்கன்னு."

வேறு வழி இல்லாத நேரம் பார்த்துச் சொல்வது. ஏர்போர்ட்டில் வைத்து டிக்கெட்டைக் கையில் கொடுப்பது. உமாவுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும், கல்யாணமான புதிதில் நான்தான் சொன்னேன்.

"பேங்க் பேப்பர்ல கையெழுத்துப் போட்டியேம்மா" என்றேன் நிவேதாவிடம். "படிச்சுட்டுப் போட்ட. நான் பாத்துட்டேதான் இருந்தேன். பொய்னு தெரிஞ்ச தாள்ல எப்படிம்மா கை போச்சு?"

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்தாள்.

"டிகிரி சேர்றப்ப நான் நேராச் சொன்னேன்பா. நீங்க சொன்ன காலேஜ் வேணாம், எனக்கு இதுதான் வேணும்னு. ஞாபகம் இருக்கா? மூணு வாரம் எங்கிட்ட நீங்க பேசல. ஒரே வீட்ல இருந்துட்டு. பாஸ்போர்ட்ட டேபிள்ல வெச்சுட்டுப் போனீங்க. ஏர்போர்ட்ல நான் உள்ள போற வரைக்கும் பேசல. ஃபர்ஸ்ட் செமஸ்டர் முழுக்க எனக்கு அந்த மூஞ்சிதான். திரும்ப அதத் தாங்க முடியாதுன்னு தோணிச்சு."

எனக்கு அது அப்படி ஞாபகம் இல்லை. அந்த வாரங்களில் கம்பெனியில் நிறைய விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது, அலைச்சல் என்றுதான் நினைத்திருந்தேன். உமாவைப் பார்த்தேன். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் காலேஜ்ல?"

"இன்டர்வியூ அன்னிக்கு லேப் காட்டுனாங்க. ஒரு ஸ்டூடன்ட் என்னை டேபிள்ல படுக்க வெச்சு கழுத்தப் பாத்தா. அவ கை நடுங்கிச்சு. சொல்லித் தர்ற மேம் வந்து அவ கை மேல தன் கைய வெச்சு, அவசரப்படாத, வெயிட் பண்ணு, தெரியும்னாங்க. கொஞ்ச நேரத்துல அவ கை நின்னுடுச்சுப்பா. கழுத்துல எனக்குத் தெரிஞ்சுது. அங்கதான் படிக்கணும்னு தோணிச்சு. பழைய காலேஜ்ல எல்லாரும் மார்க் பத்தியே பேசிட்டு இருந்தாங்க."

"இத எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"சொன்னா, ஆஸ்பத்திரில எத்தன பெட்டுன்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன். அதை நான் மறுக்கவில்லை. அதே கை வைத்தியத்தை நானும் என் முதுகில் பார்த்துவிட்டு வந்திருந்தேன் என்று அப்போதுதான் சொன்னேன். அந்த டாக்டர் அம்மாவிடம் போனதே அவர்களுக்குத் தெரியாது. நிவேதா முகத்தை மூடிக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

டீ ஆறிப் போயிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

8

மறுநாள் டைப்பிங் சென்டரில் காதர் பாய், "என்னண்ணே, கிரேஸ் எத்தன நாளு?" என்றார்.

"மாஃபி" என்றேன். இல்லை என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வோம்.

"காலேஜ்ல கூடவா மாஃபி? பொல்லாத ஊரா இருக்கே. பேங்க் லெட்டருக்கு என்ன செய்வீங்க?"

"அதெல்லாம் சரி பண்ணியாச்சு பாய்."

எதுவும் சரியாகியிருக்கவில்லை. இருபது வருடம் பழகிய மனிதரிடம் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், இனி உண்மையைச் சொல்வது முதலிலேயே சொல்லியிருப்பதைவிடக் கஷ்டம் என்பது தெரிந்தது. நிவேதாவுக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும். அது தெரிந்ததால் என் வலி குறைந்துவிடவில்லை. நான்கு நாள் கழித்துக் காதர் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எம்மகனும் எங்கிட்டப் பாதிதாண்ணே சொல்வான். மீதி அவங்கம்மா வழியாத்தான் வரும், அதுவும் லேட்டா" என்றார்.

பிள்ளைகளே, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லத்தான் என்னைக் கேட்டார்கள். எந்தக் காலேஜ் நல்லது என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஏழு பக்கம் எழுதியும் தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு ஒன்று வேண்டும் என்றால் அதை உங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் கத்துவார். என்னை மாதிரி ஆளாக இருந்தால் மூன்று வாரம் வாயைத் திறக்கமாட்டார். இருக்கட்டும். மூன்று வாரத்தில் யாரும் செத்துப் போவதில்லை. அவருக்குத் தெரியாமல் முடிவெடுத்து, அவருக்கு வலிக்கக்கூடாது என்று மறைத்து, கேசரி கொடுத்து உட்கார வைக்காதீர்கள். பிறகு வீட்டில் யார் சிரித்தாலும், இது எந்தத் தேதிக்குப் பிந்தைய சிரிப்பு என்று கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. நிவேதா சின்ன வயதில் வரைந்து கொடுத்த பிறந்தநாள் அட்டையைக் கூட எடுத்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தது எனக்கே பிடிக்கவில்லை.

இந்த மலரை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நான் பிள்ளைக்காக எழுதிக்கொண்டே இருந்தேன். அவள் என்ன எழுதியிருப்பாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

9

போன சனிக்கிழமை காலை நிவேதா ஒரு தாளோடு வந்தாள். வங்கிக்குக் கடிதம். கல்லூரியின் பெயரை மாற்றித் தரும்படி இரண்டு விண்ணப்பதாரரும் சேர்ந்து கேட்பது. இரண்டு கையெழுத்து வேண்டும். அவளே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"நான் எழுதிட்டேன்பா. நீங்க படிச்சுட்டு... இஷ்டம் இருந்தா போடுங்க. இல்லேன்னா நான் அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணிக்கிறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். முதல் பத்தியில், முன்பு சமர்ப்பித்த விண்ணப்பத்தில் உள்ள கல்லூரியிலிருந்து நான் ஏற்கெனவே விலகியிருந்தேன், அது தெரிந்தே கையெழுத்திட்டேன், அது என் தவறு, இதில் என் தந்தைக்குத் தொடர்பில்லை என்று எழுதியிருந்தாள். வங்கிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. மந்தூப் வேலையாக இருந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட்டு இரண்டு வரியில் முடித்திருப்பேன். அடிக்கவில்லை.

"கடன் விண்ணப்ப எண் போடல. அது இல்லாம ஃபைல தேட மாட்டாங்க" என்றேன்.

அவள் உள்ளே போய் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். மறுபடி முழுக்கப் படித்தேன். புது காலேஜின் பெயரை முதல் தடவையாக முழுதாகப் படித்தேன். அது இருக்கும் ஊரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டேன். சொன்னாள். நான் திருப்பிச் சொன்னது சரியாக வரவில்லை. அவள் திருத்தவில்லை.

கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற இடத்தில் தந்தை என்று எழுதினேன். தாளை இரண்டாக மடித்துக் கவரில் வைத்து அவளிடமே கொடுத்து, கூரியரில் நீயே போய்ப் போடு என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டு உமா சமையலறையிலிருந்து வந்தாள்.

"முடிஞ்சுதாங்க?"

"கையெழுத்து முடிஞ்சுது" என்றேன்.